ஓடிஸ் ப்ளூ மோனோ மறுபதிப்பு: தட்டைக் கழுவியதிலிருந்து கோப்பாக்கியது வரை

சோல் பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கின் 'ஓடிஸ் ப்ளூ' ஆல்பத்தின் மோனோ (இடது வலது பிரிவில்லாத ஒற்றை ஒலி) மறுபதிப்பு இசைத்தட்டு ஒருவழியாக ஒழுங்காக ஒலிக்கிறது. உறை பிரித்துப் போட்ட முதல் நாளில் கேட்ட குறைகள் ஐந்து. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ்' வரும் இடமெல்லாம் சீறியது. நீட்டிப் பிடித்த குரலும் டிரம்பெட்டும் 1.8 நொடிக்கு ஒரு தடவை சுருதியில் மெல்ல ஏறி இறங்கின. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் பொரிகிற சத்தம். பாஸ் ஒலிபெருக்கியின் கூம்பு, பாட்டே இல்லாத இடத்திலும் உள்ளே வெளியே அசைந்துகொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக மொத்த ஒலியும் கூசுகிற மாதிரி வெளிறி இருந்தது.

ரீமாஸ்டர் செய்தவர், அதாவது மறுபதிப்புக்காகப் பழைய பதிவின் ஒலியைச் சீரமைத்தவர், கெடுத்துவிட்டார் என்று முடிவு கட்ட இவ்வளவு போதும். பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில் அந்தச் சுருதி ஏற்ற இறக்கம் மட்டும்தான் தட்டு அச்சான இடத்துக் கோளாறு. மீதி நான்கும் பெரும்பாலும் நம் மேசையில் இருந்தவை. வேலை நடந்த வரிசையிலேயே, தப்பாகப் போன இடங்களோடு எழுதுகிறேன்.

முதலில் ஏன் மோனோ என்பது. இந்த ஆல்பத்தின் பெரும்பகுதி 1965 ஜூலை 9, 10 தேதிகளில், ஏறக்குறைய ஒரு முழு நாள் இடைவெளிக்குள், மெம்ஃபிஸ் நகரின் மெக்லமோர் அவென்யூவில் இருந்த ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் பதிவானது. பழைய சினிமா தியேட்டர் அது. தரை சரிவாகவே இருந்தது. ஸ்டீவ் க்ராப்பர் கிட்டார், டக் டன் பாஸ், அல் ஜாக்சன் டிரம்ஸ், ஐசக் ஹேஸ் பியானோ, வெய்ன் ஜாக்சன் டிரம்பெட், ஆண்ட்ரூ லவ் சாக்ஸபோன் என்று எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்தார்கள். ஒருவர் மைக்கில் இன்னொருவர் ஒலி கலந்துதான் இருக்கும். ஒலிப்பதிவாளர் அட்லாண்டிக் நிறுவனத்தின் டாம் டவ்ட். அந்த ஸ்டூடியோ மோனோவிலேயே வளர்ந்தது. ஸ்டீரியோ அங்கே அப்போதுதான் புதிது. அந்தக் கூட்டத்தின் அடர்த்தி மோனோவில்தான் முழுசாக வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதனால் ஸ்டீரியோ மறுபதிப்பை விட்டு மோனோவை எடுத்தேன்.

கழுவுதல்

புதுத் தட்டைக் கழுவ வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாயம் வேண்டும். காகித உள்ளுறையின் தூள், அச்சு ஓரம் வெட்டியபோது சிதறிய துணுக்கு எல்லாம் பள்ளத்துக்குள் கிடக்கும். கழுவாமல் ஓட்டினால் முள் அவற்றையே அழுத்தித் தேய்க்கும்.

கரைசல்: காய்ச்சி வடித்த தண்ணீர் 800 மி.லி., 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் 200 மி.லி., ஃபிலிம் கழுவப் பயன்படும் ஈரமூட்டி 4 சொட்டு. பேட்டரிக் கடைத் தண்ணீர் வாங்கினால் டிடிஎஸ் மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) ஒரு முறை பாருங்கள். ஒற்றை இலக்கத்தில் இருந்தால் போதும். 78 சுழற்சி ஷெல்லாக் தட்டுக்கு இந்தக் கரைசல் ஆகவே ஆகாது, ஆல்கஹால் ஷெல்லாக்கைக் கரைத்துவிடும். வினைலுக்கு இந்த அளவில் ஒன்றும் செய்யாது.

முதல் தப்பு இங்கேதான். கழுவியது சரியான கரைசலில், அலசியது குழாய்த் தண்ணீரில். போர் தண்ணீரின் உப்பு காய்ந்து பள்ளத்தில் வெள்ளையாகப் படிந்து, பொரிகிற சத்தம் முன்னைவிடக் கூடியது. இரண்டாவது தடவை ஈரமூட்டியைப் பத்துச் சொட்டாக ஏற்றியதும் தப்பு. முள் நுனியில் பிசுபிசுப்பான கறுப்பு உருண்டை சேர்ந்தது. மூன்றாவது தடவைதான் சரி: பள்ளத்தின் போக்கிலேயே மென்மையான ஆட்டுமுடித் தூரிகையால் பக்கத்துக்கு 2 நிமிடம், பிறகு வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரால் இரண்டு அலசல், தட்டு ஸ்டாண்டில் செங்குத்தாக 40 நிமிடம். துணியால் துடைக்கவே இல்லை. ஒட்டுத்தாள் நனையாமல் இருக்க, ஓரத்தில் ரப்பர் வளையம் வைத்த இரண்டு பிளாஸ்டிக் மூடிகளை இருபுறமும் அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். காய்ந்ததும் பழைய காகித உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாலித்தீன் உள்பூச்சு உள்ள உறையில் வைத்தது.

பொரியல் பாதி குறைந்தது. மீதிப் பாதியின் கதை மோனோ பகுதியில் வருகிறது.

முள்ளும் கோணமும்

காட்ரிட்ஜ், அதாவது முள்ளைத் தாங்கி அதன் அசைவை மின்சைகையாக மாற்றும் பகுதி, ஆடியோ டெக்னிகா விஎம்95 வகை. இதன் வசதி, உடம்பு ஒன்றே இருக்க முள்ளை மட்டும் கழற்றி வேறு வடிவத்தில் போடலாம். மோனோ என்றால் உருண்டை நுனி முள்தான் பொருத்தம் என்று எங்கோ படித்ததை நம்பி, 0.6 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நுனி கொண்ட 'சி' முள்ளைப் போட்டேன். பழைய மோனோ வெட்டுகளுக்கு அதில் நியாயம் உண்டு. இன்றைய மோனோ மறுபதிப்போ மூலத்தட்டில் பள்ளம் வெட்டும் ஸ்டீரியோ வெட்டுத் தலையிலேயே வெட்டப்படுகிறது; பள்ளத்தின் அளவும் ஸ்டீரியோ அளவுதான்.

கணக்குப் போட்டால் சீறல் ஏன் வந்தது என்று புரியும். 33⅓ சுழற்சியில் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 நொடி எடுக்கும். வெளி ஓரத்தில், அதாவது மையத்திலிருந்து 146 மி.மீ. தூரத்தில், பள்ளம் முள்ளுக்கு அடியில் நொடிக்கு 510 மி.மீ. வேகத்தில் ஓடுகிறது. என் பிரதியில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 74 மி.மீ. தூரத்தில் முடிகிறது, அங்கே வேகம் 258 மி.மீ. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை வெளியில் 51 மைக்ரான் நீளம், உள்ளே வெறும் 26 மைக்ரான். 0.6 மில் என்றால் 15 மைக்ரான் ஆரம் உள்ள உருண்டை. அரை அலைக்குக் கிடைக்கும் 13 மைக்ரான் இடத்துக்குள் அந்த உருண்டை இறங்க முடியாமல் மேடுகளின் மேல் உரசிக்கொண்டு போகிறது. அதே வகையில் நுண்கோட்டு நுனி கொண்ட 'எம்எல்' முள்ளின் ஓர ஆரம் 0.12 மில், 3 மைக்ரான். மாற்றிப் போட்டதும் சீறலில் பெரும்பகுதி போய்விட்டது. அடுத்து எடை சரிசெய்ததும் இன்னும் கொஞ்சம் போனது.

முள் தட்டை அழுத்தும் எடையை, காட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் பின்னால் உள்ள எண்ணை நம்பி வைக்காதீர்கள். எண் 2.0 காட்டியபோது தராசு 1.72 கிராம் என்றது. இந்த வகைக்கு 1.8 முதல் 2.2 வரை வேண்டும். முள் இலேசாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தவறு. எடை குறைந்தால் முள் பள்ளச் சுவரை விட்டு எகிறி எகிறி விழும், அந்த அடிதான் பள்ளத்தைக் கெடுக்கும். 0.01 கிராம் துல்லியத் தராசு போதும், ஆனால் இரண்டு கவனம். தராசின் தட்டு இரும்பாக இருந்தால் காட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்துப் பொய் எடை காட்டும். அளக்கும் உயரமும் இசைத்தட்டின் மேற்பரப்பு உயரமாக இருக்க வேண்டும். அதற்கு மேலே தூக்கி அளந்தால் எண் மாறும். 2.0 கிராமில் நிறுத்தியது.

காட்ரிட்ஜ் பள்ளத்துக்கு நேராக நிற்கிறதா என்று கோணம் பார்க்கத் தாளில் அச்சிட்ட புரோட்ராக்டர். அதிலும் ஒரு மாலை வீணானது. பிரிண்டர் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற அமைப்பில் 97 சதவீதமாகச் சுருக்கி அச்சிட்டிருந்தது, 66 மி.மீ. புள்ளி 64இல் விழுந்திருக்கிறது. தாளில் உள்ள 100 மி.மீ. கோட்டை இரும்பு ஸ்கேலால் அளந்து பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். முதலில் இருந்தது ஸ்டீவன்சன் முறை, அதாவது மையத்திலிருந்து 60.3, 117.4 மி.மீ. புள்ளிகளில் கோணப் பிழை பூஜ்ஜியம். பாட்டு கடைசி அங்குலம் வரை போகும் நீளமான மேல்நாட்டுச் செவ்வியல் இசைத் தட்டுகளுக்கு அது நல்லது. இந்த ஆல்பத்தின் முதல் பக்கம் சுமார் பதினைந்தரை நிமிடம், இரண்டாம் பக்கம் பதினேழரை. 60 மி.மீ. வரை முள் போகவே போகாது. பேர்வால்ட் முறையில் 66.0, 120.9 என்று வைத்ததும் பாட்டு இருக்கும் பகுதியில் பெரும்பாலும் பிழை குறைந்தது.

காட்ரிட்ஜ் இருக்கும் தலை இடவலம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க, தட்டின் மேல் சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து முள்ளை இறக்கி, எதிரிலிருந்து பார்த்தால் போதும். தலையும் அதன் பிம்பமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும்.

வெளிறல்

சீறல் அடங்கிய பிறகும் சிம்பல்கள் தகரம் மாதிரி ஒலித்தன. இதைத்தான் ரீமாஸ்டரின் மேல் சுமத்த அதிகம் ஆசை வந்தது, ஏனென்றால் உச்ச ஒலியைத் தூக்கி 'தெளிவு' காட்டுவது மறுபதிப்புகளில் நிறையப் பேர் செய்கிற வேலை. அதற்குள் கேபிளை அளந்து பார்த்தது நல்லதாயிற்று.

இந்தக் காட்ரிட்ஜின் இண்டக்டன்ஸ் (கம்பிச்சுருளின் மின்தூண்டல் அளவு) 550 மில்லிஹென்றி. அதோடு இணையும் கேபிளுக்கும் ப்ரீஆம்புக்கும் சேர்த்துக் கம்பெனி சொல்லும் கபாசிட்டன்ஸ் (மின்தேக்க அளவு) 100 முதல் 200 பிகோஃபாரட். காட்ரிட்ஜின் மெல்லிய சைகையைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்பின் உள்ளே 220, நீளமான கேபிளில் 180, மொத்தம் 400. இரண்டும் சேர்ந்தால் ஒத்ததிர்வு 10.7 கிலோஹெர்ட்ஸில் விழுகிறது, சிம்பலின் நடு மண்டையில். அங்கே ஒரு மேடு, அதற்கு மேலே சரிவு. அதனால்தான் கூசலும் மங்கலும் ஒரே நேரத்தில். ப்ரீஆம்பின் அடியில் உள்ள சின்ன சுவிட்சால் உள் கபாசிட்டரைத் துண்டித்து, கேபிளை 60 செ.மீ. ஆகக் குறைத்ததில் மொத்தம் 150க்கு அருகே வந்தது. ஒத்ததிர்வு 17.5 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது. சுவிட்ச் இல்லாத ப்ரீஆம்பில் உள்ளீட்டுச் சாக்கெட்டுக்கு அருகே இணையாக நிற்கும் கபாசிட்டரை ஒரு கால் கழற்றினாலும் இதே பலன். மல்டிமீட்டரில் கபாசிட்டன்ஸ் அளக்கும் வசதி இருந்தால், கேபிளை இரு முனையும் கழற்றி நடுக்கம்பிக்கும் வலைக்கும் இடையே வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

பைசா செலவில்லாத இந்த மாற்றம்தான் மொத்த வேலையிலும் அதிகமாகக் காதில் விழுந்தது. அல் ஜாக்சனின் ஹைஹாட் உலோகமாகவே கேட்டது, தகரம் போய்விட்டது.

இதற்கு நடுவே ஒரு வீண் சுற்று: பழைய ஆல்பத்துக்குப் பழைய ஈக்வலைசேஷன் (தட்டு வெட்டும்போது மாற்றிய தாழ், உச்ச ஒலிகளைத் திருப்பிச் சீராக்கும் வளைவு) வேண்டுமோ என்று மென்பொருளில் நாலைந்து வளைவுகளைப் போட்டுப் பார்த்தேன். 1965 தட்டுக்கு அது தேவையே இல்லை. ஆர்ஐஏஏ என்ற பொது வளைவு 1950களின் நடுவிலேயே வழக்கமாகிவிட்டது. மறுபதிப்பும் அதே வளைவுதான்.

மோனோவை மோனோவாக எடுத்தல்

மோனோ பள்ளத்தில் இசை இடவலமாக மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இசை எதுவும் இல்லை. ஸ்டீரியோ காட்ரிட்ஜோ இரண்டையும் எடுக்கும். தூசி, பள்ளத்தின் அடி உரசல், தட்டு நெளிவால் முள் ஏறி இறங்குவது, மோட்டார் உறுமல் ஆகியவற்றில் கணிசமான பங்கு மேல்கீழ் அசைவு. இடது, வலது இரண்டையும் கூட்டினால் இடவல அசைவு நிற்கும், மேல்கீழ் அசைவு ஒன்றையொன்று அடித்துப் போகும்.

கூட்டியதும் கூம்பின் ஆட்டம் அப்படியே நின்றது. தட்டு நெளிந்திருந்தது உண்மை. ஓரத்தில் 1 மி.மீ.க்கும் கொஞ்சம் அதிகம். ஆனால் அது செங்குத்து அசைவு என்பதால் கூட்டலில் காணாமல் போயிற்று. இதே நெளிவு ஸ்டீரியோ தட்டில் இருந்தால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி போட்டே தீர வேண்டும். பொரியலின் மீதியும் இங்கேதான் இறங்கியது.

எப்படிக் கூட்டுவது என்பதில் ஒரு தப்பு. ஒய் கேபிள் ஒன்று வாங்கி, ப்ரீஆம்பின் இரண்டு வெளியீடுகளையும் நேராகச் சேர்த்தேன். அப்போது ஒரு வெளியீடு இன்னொன்றை ஓட்டப் பார்க்கும். ஒலி உரத்த இடங்களில் டிரம்பெட் கரகரத்தது. ஒவ்வொரு சானலிலும் 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை வரிசையில் சாலிடர் செய்த பிறகு சரியானது. கேட்பதற்கு இது போதும். கோப்பாக எடுக்கும்போது கேபிளில் கூட்ட வேண்டாம்; இரண்டு சானலாகவே பதிந்து, மென்பொருளில் அளவு சமப்படுத்திக் கூட்டுங்கள். காரணம், இரண்டு சானலுக்கும் அளவு ஒன்றாக இல்லாவிட்டால் அடிபட வேண்டியது முழுதாக அடிபடாது.

சமப்படுத்தும் வழி எளிது. வலது சானலைத் தலைகீழாக்கி இடதோடு கூட்டுங்கள். இப்போது பாட்டு மறைய வேண்டும், அழுக்கு மட்டும் மிஞ்ச வேண்டும். பாட்டு எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு பிழை. 1 டெசிபல் வேறுபாடு இருந்தால் மிச்சம் −25 டெசிபலுக்குக் கீழே இறங்காது, 0.1க்குக் கொண்டுவந்தால் −45 வரை போக வாய்ப்பு உண்டு. என் காட்ரிட்ஜில் இடது 0.7 டெசிபல் குறைவு. 0.1 படியாக ஏற்றிக்கொண்டே போய், ஓடிஸின் குரல் மிகவும் தேய்ந்து கேட்கும் இடத்தில் நிறுத்தியது. மோனோ தட்டு ஒன்று கையில் இருந்தால் காட்ரிட்ஜைச் சோதிக்க இதைவிட மலிவான கருவி கிடையாது.

துளை

இனி அச்சுக் கோளாறு. முள் பள்ளத்தில் இருக்கும்போது எதிரே நின்று தலையைப் பாருங்கள். சுற்றுக்கு ஒரு தடவை இடவலமாக ஊசலாடினால் நடுத்துளை மையத்தில் இல்லை. தலைக்குப் பின்னால் ஸ்கேல் நிறுத்தி அளந்ததில் மொத்த ஊசல் 1.2 மி.மீ., அதாவது மையம் 0.6 மி.மீ. விலகியிருக்கிறது. 74 மி.மீ. தூரத்தில் இது கூட்டியும் குறைத்தும் 0.8 சதவீத வேக மாற்றம். சுருதிக் கணக்கில் ஒவ்வொரு பக்கமும் 14 சென்ட் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). உச்சிக்கும் அடிக்கும் நடுவே கால் அரைச்சுரத்துக்கும் மேல். வேகமான பாட்டில் தெரியாது. 'ஐ'வ் பீன் லவிங் யூ டூ லாங்' மாதிரி குரலை இழுத்துப் பிடிக்கும் மெதுவான பாட்டு, அதுவும் உள் ஓரத்தில் இருந்தால், சகிக்க முடியாது.

இங்கே செய்ய வேண்டிய முதல் காரியம் தட்டை மாற்றிக் கேட்பது. இந்தப் பிரதியின் மாற்றுக் கெடு தாண்டியிருந்ததால்தான் கை வைக்க வேண்டி வந்தது. தட்டு வந்த அன்றே இந்த ஊசல் சோதனையைச் செய்துவிடுங்கள்.

ஊசல் வெளிப்பக்கம் அதிகம் போகும் கணத்தில் முள்ளுக்கு நேரான இடத்தை ஒட்டுத்தாளில் சின்னத் தாள் துண்டு ஒட்டிக் குறித்தது. பள்ளங்களின் மையம் அந்தத் திசையில் இருக்கிறது. தட்டு அதற்கு எதிர்ப்பக்கம் நகர வேண்டும், ஆகவே துளையை அந்தக் குறி இருக்கும் பக்கமாகத்தான் அகலப்படுத்த வேண்டும். வழக்கமான துளை 7.2 மி.மீ. சொச்சம். ஒட்டுத்தாள் தவிர மற்ற இடத்தை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரத்தை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, 4 மி.மீ. உருண்டை அரத்தால் கையால் மட்டும் அராவியது. டிரில் மெஷின் பக்கமே போக வேண்டாம். சூட்டில் வினைல் உருகி, விளிம்பு மேடாகிவிடும். ஒரே பக்கத்திலிருந்து அராவினால் துளை புனல் மாதிரி ஆகித் தட்டு சாய்ந்து உட்காரும், எனவே பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். 0.7 மி.மீ. போதும். தூளை ஊதாமல், டேப்பால் ஒற்றி எடுத்தது.

மையப்படுத்துவது பொறுமை. முள்ளை இறக்கி ஊசலைப் பார், முள்ளைத் தூக்கு, குறிப்பிட்ட ஓரத்தை மரப் பென்சிலின் பின்முனையால் மெல்லத் தட்டு, மறுபடி இறக்கு. ஆறு ஏழு தடவையில் ஊசல் 0.2 மி.மீ.க்குள் அடங்கியது. சுருதி விலகல் 14 சென்டிலிருந்து 2 சென்டுக்கு வந்தது, காதுக்குத் தெரியாது. துளை தளர்ந்துவிட்டதால் 280 கிராம் எடை ஒன்றை நடுவில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

பெரிய தப்பு இதற்குப் பிறகுதான் தெரிந்தது. தட்டின் இரண்டு பக்கங்களும் இரண்டு தனித்தனி அச்சுகள். தனித்தனியாக மையம் பிடிக்கப்படுபவை. இரண்டாம் பக்கத்தை நான் அளக்கவே இல்லை. அது கிட்டத்தட்டச் சரியாகவே இருந்திருக்கிறது. இப்போது துளை அகன்றுவிட்டதால் அந்தப் பக்கத்தையும் ஒவ்வொரு தடவையும் பென்சிலால் தட்டி மையம் பிடிக்க வேண்டியிருக்கிறது. அராவும் முன் இரண்டு பக்கமும் அளந்து, இரண்டின் குறிகளையும் ஒட்டுத்தாளில் போட்டிருந்தால், ஒரு பக்கத்துக்காக மற்றொன்றைக் கெடுக்காத அளவைத் தேர்ந்திருக்கலாம்.

பதிவும் ஒப்பீடும்

பதிந்தது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், உச்சம் −6 டெசிபல். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளே போதும். தானியங்கி கிளிக் நீக்கியைப் பாட்டு முழுக்க ஓட்டியது இன்னொரு தவறு: டிரம்பெட்டின் அலை வடிவம் கூர்மையானது, அதைக் கிளிக் என்று நினைத்து நீக்கி வெட்டிவிடுகிறது. 'ரெஸ்பெக்ட்' பாட்டில் டிரம்பெட்டும் சாக்ஸும் சேர்ந்து குத்தும் இடங்கள் பஞ்சில் குத்திய மாதிரி ஆயின. அழித்துவிட்டு, இரு சானலையும் கூட்டிய கோப்பில் கண்ணுக்குத் தெரியும் பெரிய கிளிக்குகளை மட்டும் கையால் நீக்கினேன். பக்கத்துக்கு 20க்குள்தான் இருந்தன. இரைச்சல் குறைப்பு மென்பொருளைத் தொடவில்லை. மீதி இருக்கும் மெல்லிய இரைச்சல் 1965ஆம் ஆண்டு டேப்பின் இரைச்சல். அதை எடுத்தால் சிம்பலின் வாலும் அறையின் காற்றும் சேர்ந்து போய்விடும்.

ஒப்பிட 2008இல் ரைனோ வெளியிட்ட இரண்டு சிடி பதிப்பு இருந்தது. அதில் மோனோ, ஸ்டீரியோ இரண்டும் உண்டு. முதல் ஒப்பீட்டில் தட்டு வேறு வேகத்தில் ஓடுகிறதோ என்ற பயம் வந்தது. 'ஐ'வ் பீன் லவிங் யூ டூ லாங்' பாட்டின் நீளமும் ஒத்துப் போகவில்லை, வாசிப்பும் ஒத்துப் போகவில்லை. டர்ன்டேபிளின் வேகத் திருகை இரண்டு தடவை திருப்பிய பிறகுதான் உறைத்தது: ஒப்பிட்டது ஸ்டீரியோ வட்டோடு. மோனோ ஆல்பத்தில் இருப்பது முன்பே தனித்தட்டாக வந்த பதிவு; ஸ்டீரியோவில் இருப்பது ஜூலையில் மறுபடி பாடிப் பதிந்தது. இரண்டும் வேறு வேறு பாட்டுகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேகம் பார்க்க மோனோவை மோனோவோடு மட்டும் ஒப்பிட வேண்டும். வேகத் திருகைப் பழையபடி கொண்டுவர அரை மணி நேரம்.

ஒலி அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டதெல்லாம் குப்பை. 1 டெசிபல் உரக்க இருப்பது எதுவோ அதுதான் 'நல்ல ரீமாஸ்டர்' என்று காது சொல்லும். இரண்டு கோப்பையும் −18 எல்யுஎஃப்எஸ்ஸுக்கு (காது உணரும் சராசரி உரப்பின் அலகு) கொண்டுவந்து, 0.2க்குள் ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கேட்டது. டைனமிக் ரேஞ்ச் எண்ணை (உச்ச ஒலிக்கும் சராசரி ஒலிக்கும் உள்ள இடைவெளி) வைத்துத் தட்டு சிடியை மிஞ்சிவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு. ஒரே மாஸ்டரிலிருந்து வந்தாலும் தட்டின் கோப்பு அதிக எண் காட்டும். வெட்டும்போதும் எடுக்கும்போதும் அலையின் கட்டம் மாறி உச்சிகள் உயர்ந்துவிடுவதால் வரும் எண் அது. அதை வைத்து எந்த முடிவுக்கும் போகக்கூடாது.

இத்தனைக்கும் பிறகு கேட்டதில் குரலின் எடை, டக் டன்னின் பாஸின் தடிமன், பியானோ பின்னால் இருக்கும் தூரம் மூன்றும் இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தன. உச்ச ஒலியில் எஞ்சிய சின்ன வேறுபாட்டை என் காட்ரிட்ஜே உண்டாக்கக்கூடும். ரீமாஸ்டர் செய்தவர் இந்த ஆல்பத்தை இருந்தபடியே கொடுத்திருக்கிறார்.

செலவு: ஆல்கஹால், தண்ணீர், ஈரமூட்டி, தூரிகை எல்லாம் சேர்த்து 1,700 ரூபாய். தராசு 650. உருண்டை அரம் 120. நடு எடை 900. உள்ளுறை பத்து 450. ரெசிஸ்டரும் சாக்கெட்டும் 80. தேவையில்லாமல் வாங்கிய உருண்டை முள் 2,400, 'எம்எல்' முள் 13,500. அடுத்த தட்டுக்கு வரிசை மாறும்: வந்த அன்றே இரண்டு பக்க ஊசல் அளவு, பிறகு கபாசிட்டன்ஸ், பிறகு எடை, கடைசியில்தான் முள் வாங்குவது. கபாசிட்டன்ஸை முதலில் சரிசெய்திருந்தால் நடுத்தர விலை நீள்வட்ட முள்ளே இந்தத் தட்டுக்குப் போதுமா என்பதைச் சோதித்திருக்க முடியும். அந்தச் சோதனைக்காக 'ஈ' முள் ஒன்று வரவழைத்திருக்கிறேன். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.